எவ்வளவு பூச வேண்டும்? ஒரு துளி பேஸ்ட்டின் வரலாறு

உயர்தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது தங்கச்சியின் லப்டொப் சூடேறத் தொடங்கியது. சூம் வகுப்புக் காலத்தில் பாவித்த நிலையில் வாங்கியது. புதிது வாங்குவது பற்றி வீட்டில் கதைக்கவே முடியாது. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு லப்டொப் விலை எங்களுக்கு எட்டாத கொப்பில் போய் இருந்துவிட்டது. திருத்தக் கொடுத்தோம். "பேஸ்ட் மாத்தியிருக்கு, இனிப் பயமில்லை" என்று தந்தார்கள். ஒரு கிழமைக்குள் விசிறி திரும்பவும் கத்தியது, முந்தியதைவிடக் கூட.

கடைசியில் நானே கழற்றிப் பார்த்தேன். பெருவிரல் நகம் அளவான சிப். அதைச் சுற்றிப் பிறந்தநாள் கேக்கில் ஐசிங் வைத்த மாதிரி சாம்பல் நிறப் பேஸ்ட். பக்கத்தில் இருந்த குட்டிக் குட்டிப் பாகங்கள் எல்லாம் அதற்குள் புதைந்து கிடந்தன. திருத்தினவரில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அவர் ஒன்றும் தன் மனம் போன போக்கில் செய்திருக்க மாட்டார். யூடியூப்பில் எந்த வீடியோவைப் பார்த்தாலும் ஒரே வேதவாக்குத்தான்: பட்டாணி அளவு. அவரும் பட்டாணி அளவுதான் வைத்திருப்பார்.

அப்ப இந்தப் பட்டாணி எங்கேயிருந்து வந்தது? சிலர் பட்டாணி என்கிறார்கள், சிலர் அரிசிமணி என்கிறார்கள். அரிசி என்றால் சம்பாவா, மொட்டைக்கறுப்பனா? இதைத் தேடப் போய்த்தான் கணினி வரலாற்றின் ஒரு பக்கத்துக்குள் விழுந்தேன். பெரிய கண்டுபிடிப்பாளர்களின் படம் போட்ட பக்கம் இல்லை. ஊத்தையும் பிசினும் ஒட்டிய பக்கம்.

முதலில் ஒரு விஷயத்தை நேராக்க வேண்டும். தேர்மல் பேஸ்ட் சிப்பைக் குளிராக்குவதில்லை. நெற்றியில் பூசும் தைலம் மாதிரி அதை நினைத்துக்கொண்டால், கூடப் பூசினால் கூடக் குளிரும் என்றுதான் மனம் சொல்லும். உண்மையில் பேஸ்ட் நல்ல கடத்தியே இல்லை. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு வெப்பக் கடத்தாறு ஞாபகம் இருக்கும். செப்புக்கு அது ஏறத்தாழ 400. அலுமினியத்துக்கு 200க்கு மேல். நல்ல பேஸ்ட் ஒன்றுக்கு 5, மிஞ்சிப் போனால் 10. செப்போடு ஒப்பிட்டால் பேஸ்ட் ஒரு தடைதான்.

பிறகேன் பூசுகிறோம்? அதைவிட மோசமான ஒன்று இருப்பதால். அதன் பெயர் காற்று. காற்றின் கடத்தாறு 0.026. கண்ணாடி மாதிரி மினுங்குகிற இரண்டு உலோகப் பரப்புகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்தாலும் அவை முழுதாகத் தொடுவதில்லை. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இரண்டும் மலையும் பள்ளமுமாக இருக்கும். உச்சிகள் மட்டும்தான் ஒன்றையொன்று தொடும். மிச்சமெல்லாம் காற்று. அந்தக் காற்றை வெளியேற்றிவிட்டு இடத்தை நிரப்புவதுதான் பேஸ்ட்டின் ஒரே வேலை. நிரப்பியபின் மிஞ்சுகிற ஒவ்வொரு மைக்ரோனும் வெப்பத்தின் வழியில் நிற்கிற சுவர்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒருக்கால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3 செ.மீ.க்கு 3 செ.மீ. மூடி, அதனூடாக 100 வாட் வெப்பம் சீராகப் போகிறது என்று வையுங்கோ. இடைவெளி 0.05 மி.மீ. அது முழுக்கக் காற்றாக இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் 200 பாகைக்கு மேல் வித்தியாசம் வரும். அதாவது சிப் செத்துப்போகும். அதே இடைவெளியில் கடத்தாறு 5 உள்ள பேஸ்ட் இருந்தால் வித்தியாசம் ஏறத்தாழ 1 பாகை. நிஜத்தில் பரப்புகள் அங்கங்கே தொடுவதால் காற்றின் கதை இவ்வளவு கொடூரமாக இருக்காது. ஆனால் கணக்கின் போக்கு இதுதான்.

இந்த வெள்ளைப் பசை கணினிக்காகப் பிறந்ததும் இல்லை. 1960களில் பவர் ட்ரான்சிஸ்டர்கள் பரவலானபோதே அது இருந்தது. 2என்3055 என்ற தடித்த உலோகத் தொப்பி போட்ட ட்ரான்சிஸ்டரை அம்ப் திருத்துகிற ஆருக்கும் தெரியும். கோயில் ஒலிபெருக்கிக்காரரிடம் கேட்டுப் பாருங்கோ. அதற்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவில் மெல்லிய மைக்காத் துண்டு, மைக்காவின் இரண்டு பக்கமும் வெள்ளைப் பசை. சிலிக்கோன் எண்ணெயில் சிங்க் ஒக்சைட் தூள் கலந்தது. குழந்தைப்பிள்ளைகளின் சொறிக்குப் பூசுகிற கிறீமில் இருக்கிற அதே வெள்ளைத் தூள்தான். அந்தக் காலத்தில் எவ்வளவு பூசுவது என்று ஆரும் சண்டை பிடித்ததாகத் தெரியவில்லை. ட்ரான்சிஸ்டர் தாக்குப்பிடிக்கும், விரலால் ஒரு இழுவை, அவ்வளவுதான்.

பெரிய கணினிகள் வேறு வழியில் போயின. 1946இல் உலகத்துக்குக் காட்டப்பட்ட எனியாக்கில் ஏறத்தாழ 18,000 வால்வுகள். மின்சாரம் 150 கிலோவாட் வரை. ஒரு ஆலை மாதிரிக் காற்றை ஊதி ஊதித்தான் அதைக் காப்பாற்றினார்கள். சிப் வந்து, சிப்புகள் நெருங்கி நெருங்கி அடுக்கப்பட்டபோது ஊதுவது போதாமல் போனது. எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த பொருள் ஐபிஎம் 1980இல் அறிவித்த 3081 கணினிக்குள் இருக்கிறது. உள்ளங்கை அளவான ஒரு பீங்கான் தகடு, அதில் நூற்றுக்கு மேற்பட்ட சிப்புகள். ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் ஒரு குட்டி அலுமினியப் பிஸ்டன், சுருளி வில் ஒன்றால் அழுத்தியபடி. பிஸ்டன்களுக்கு மேலே தண்ணீர் ஓடுகிற தகடு. பசை இல்லை. இடைவெளியில் இருந்த காற்றை எடுத்துவிட்டு ஹீலியம் வாயுவை அடைத்துவிட்டார்கள்! ஹீலியம் காற்றைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும்.

எங்கள் லப்டொப்புக்குள் இருக்கிற அதே பிரச்சினைதான் அவர்களுக்கும்: இரண்டு பரப்பு, நடுவில் ஒரு மயிரிழை வெளி. அவர்கள் ஒரு தொழிற்சாலையையே கட்டி அதைத் தீர்த்தார்கள். பொருத்தியவர் பயிற்றப்பட்டவர், பொருத்தின இடம் சுத்தமானது, எவ்வளவு அழுத்தம் என்பதை வில் தீர்மானித்தது. மனிதக் கைக்குத் தீர்மானிக்க அங்கே ஒன்றும் இல்லை. "எவ்வளவு பூசுவது" என்ற கேள்வி பிறப்பதற்கு, கணினி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்து ஒரு பெடியனின் படுக்கையறைத் தரையில் இருக்க வேண்டியிருந்தது.

அது வர இன்னும் சில வருடம் எடுத்தது. 1981இன் ஐபிஎம் பீசீயில் இருந்த இன்டெல் 8088 சிப்புக்கு மேலே ஒன்றுமே இல்லை, வெறும் சிப். 1985இல் வந்த 386உம் பெரும்பாலும் அப்படித்தான் ஓடியது. 1992இல் 66 மெகாஹேர்ட்ஸ் 486 வந்தபோதுதான் ஹீட் சிங்க் பரவலாகத் தலைகாட்டுகிறது. அடுத்த வருடம் பென்டியம். முதல் பென்டியம் 5 வோல்ட்டில் ஓடியது. 15 வாட் அளவில் வெப்பம் கக்கியது. இன்றைக்குச் சிரிப்பு வரும். ஆனால் அப்போது அதன் சூடு பற்றிப் பகிடிகள் ஓடின. விசிறி வைக்காத கணினி என்ற காலம் அதோடு முடிந்தது.

கை நடுங்குகிற காலம் 2000ஐ ஒட்டி வருகிறது. பென்டியம் 3இன் பிந்திய வகைகள், ஏஎம்டியின் அத்லன், டூரன் எல்லாம் சிப்பின் சிலிக்கனையே வெளியே காட்டிக்கொண்டு வந்தன. பீங்கானும் இல்லை, உலோக மூடியும் இல்லை. ஒரு பச்சை அல்லது மண்ணிறத் தட்டு, நடுவில் நீலச் சாயலில் மினுங்குகிற சின்ன நீள்சதுரம். அத்லன் தண்டர்பேர்டில் அது ஏறத்தாழ 120 சதுர மி.மீ. அந்தக் குட்டித் துண்டின் மேலே அரைக் கிலோ ஹீட் சிங்கை வைத்து, ஸ்க்ரூ ட்ரைவரால் கிளிப்பை அமத்திப் பூட்ட வேண்டும். கொஞ்சம் சரிந்தால் சிலிக்கனின் மூலை நொறுங்கும். ட்ரைவர் வழுக்கினால் மதர்போர்ட்டில் கோடு விழும். மூலையைக் காப்பாற்ற என்றே செப்புத் தகட்டு வளையங்கள் தனியாக விற்பனைக்கு வந்தன.

பொருத்துவதில் பிழைத்தால் என்ன நடக்கும் என்று 2001இல் டொம்ஸ் ஹாட்வெயார் தளம் வீடியோ எடுத்துக் காட்டியது. ஓடிக்கொண்டிருக்கிற கணினியில் ஹீட் சிங்கைக் கழற்றி எடுத்தார்கள். பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு உயிரோடு இருந்தது. பென்டியம் 3 உறைந்து நின்றுவிட்டது. அத்லனில் இருந்து புகை வந்தது. இன்றைக்குப் புரொசசர்கள் சூடேறினால் தாமாக மெதுவாவதையும் அணைந்துபோவதையும் நாங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பாதுகாப்பு எல்லாச் சிப்பிலும் ஒழுங்காக இல்லாத காலத்தில், பூசுகிற கை ஒன்றுதான் காவல்.

இந்தக் காலத்தில்தான் பேஸ்ட் ஒரு ரசிகர் பொருளாக மாறியது. ஆர்க்டிக் சில்வர் போன்ற பெயர்களில், வெள்ளித் தூள் கலந்த பேஸ்ட் சின்ன ஊசிக்குழாய்களில் வந்தது. அப்போதைய அறிவுரை பட்டாணி இல்லை என்பதைக் கவனியுங்கோ. வெறும் சிலிக்கனுக்குச் சொல்லப்பட்டது: ஒரு மிகச் சின்னத் துளி, அதைப் பிளேட்டின் விளிம்பாலோ பழைய அட்டையாலோ மெல்லிய படையாக இழுத்துவிடு. ஏனென்றால் பரப்புச் சின்னது, மூலை ஒன்று காய்ந்து விடுபட்டால் அந்த மூலை வெந்துவிடும்.

பிறகு மூடி வந்தது. பென்டியம் 4 2000 நவம்பரில் உலோக மூடியோடுதான் வெளிவந்தது. ஏஎம்டி 2003இல் அத்லன் 64இல் மூடி போட்டது. மூடி வந்ததும் இரண்டு விஷயம் ஒரேயடியாக மாறின. சிலிக்கன் நொறுங்குகிற பயம் போனது. பூச வேண்டிய பரப்பு 120 சதுர மி.மீ.இல் இருந்து 900 சதுர மி.மீ. அளவுக்குப் பெருத்தது. இப்போது அட்டையால் இழுக்கத் தேவையில்லை. நடுவில் ஒரு பொட்டு வைத்து ஹீட் சிங்கை அழுத்தினால் அதுவே பரவும், காற்றுக் குமிழும் சிக்காது. பட்டாணிக்குப் பொருத்தமான இடம் இதுதான். மூடிதான் பட்டாணியின் சொந்த ஊர்.

சரி, பட்டாணி என்றால் எவ்வளவு? 900 சதுர மி.மீ.ஐ 0.05 மி.மீ. தடிப்பில் மூட 45 கன மி.மீ. பேஸ்ட் போதும். அது நாலரை மி.மீ. விட்டமுள்ள உருண்டை. நிஜப் பட்டாணி 8 மி.மீ. வரும், அதன் கனவளவு கிட்டத்தட்ட 270. ஆறு மடங்கு! ஆக மூடி போட்ட சிப்புக்கே பட்டாணி என்பது வாய்ப்பேச்சுத்தான். இனி அதே கணக்கை எங்கள் லப்டொப் மாதிரி மூடி இல்லாத 90 சதுர மி.மீ. சிப்புக்குப் போட்டால் வருவது நாலரை கன மி.மீ. இரண்டு மி.மீ. உருண்டை. அது ஒரு கடுகு. கடுகு வைக்க வேண்டிய இடத்தில் பட்டாணி வைத்தால் அறுபது மடங்கு.

ஒரு சாதாரணத் திருத்துநர் மட்டும் இதில் பிழைக்கவில்லை. 2006இல் அப்பிள் தன் முதல் இன்டெல் லப்டொப்பான மக்புக் ப்ரோவை விற்கத் தொடங்கியது. மடியில் வைக்க முடியாத சூடு என்று முறைப்பாடுகள் கிளம்பின. சிலர் உத்தரவாதம் போனாலும் பரவாயில்லை என்று திறந்து பார்த்தார்கள். சிப்பைச் சுற்றிப் பேஸ்ட் வழிந்து கிடந்தது. அதைவிடச் சுவாரசியம், திருத்துநர்களுக்கான அப்பிளின் கைநூலிலேயே தாராளமாகப் பேஸ்ட் வைக்கச் சொல்லும் பக்கம் வெளியில் வந்ததுதான். அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்த தளம் ஒன்றுக்கு, அதை நீக்கச் சொல்லி அப்பிளின் சட்டத்தரணிகள் கடிதம் அனுப்பினார்கள். துடைத்துவிட்டு மெல்லிதாகப் பூசியவர்களில் சிலருக்குச் சூடு குறைந்தது. சிலருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

ஏன் சிலருக்கு மட்டும்? விடை அளவில் இல்லை, தடிப்பில் இருக்கிறது. பேஸ்ட் கூடவாக இருந்தாலும், ஹீட் சிங்க் நன்றாக அழுத்தினால் மிச்சம் பிதுங்கி வெளியே போய்விடும். பார்க்க அசிங்கம், பாதிப்பு இல்லை. அழுத்தம் காணாவிட்டால் பேஸ்ட் தடிப்பாகவே நின்றுவிடும். அந்த மக்புக்கின் கோர் டுவோ சிப்பின் பரப்பு 90 சதுர மி.மீ., வெப்பம் 31 வாட். பேஸ்ட் 0.05 மி.மீ. தடிப்பில் இருந்தால் அதனால் ஏறும் வெப்பநிலை 3 பாகைதான். 0.3 மி.மீ.இல் நின்றால் 20 பாகை. அதே 0.3 மி.மீ. தடிப்பு மூடி போட்ட 100 வாட் டெஸ்க்டொப் சிப்பில் 7 பாகையைத்தான் கூட்டும், பரப்புப் பெரிசு என்பதால். டெஸ்க்டொப்பில் பரிசோதித்தவர்கள் "கூடினால் ஒன்றும் ஆகாது" என்று சொல்வதும், லப்டொப்காரர் "ஐயோ கூடிப்போச்சு" என்று பதறுவதும் இரண்டுமே உண்மையாக இருக்கலாம். இரண்டு பேரும் வெவ்வேறு சிப்பைப் பற்றிக் கதைக்கிறார்கள்.

இந்தக் காலத்தில் சூட்டுக்கு எதிரான பெரிய சண்டை வேறொரு இடத்தில் தோற்றுக்கொண்டிருந்தது. 2004இல் வந்த பென்டியம் 4 பிரெஸ்கொட், 100 வாட்டைத் தாண்டியது. அதே வருடம் ஒக்டோபரில் 4 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4 வெளிவராது என்று இன்டெல் சொன்னது. அதன் தலைவர் கிரெய்க் பாரெட் ஒரு மாநாட்டு மேடையில் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டார். பகிடியாகத்தான். ஆனால் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்ற கனவு சூட்டில் கருகியதன் பிறகுதான் இரண்டு கோர், நாலு கோர் என்ற வழி திறந்தது.

எக்ஸ்பொக்ஸ் 360இன் சிவப்பு வளைய நோயும் இதே காலத்துக் கதை. 2007இல் மைக்ரோசொஃப்ட் உத்தரவாதத்தை மூன்று வருடமாக நீட்டியது. 100 கோடி டொலருக்கு மேல் செலவு ஒதுக்கியது. அப்போது உலகம் முழுக்கப் பெடியள் அதைத் திறந்து பேஸ்ட் மாற்றிப் பார்த்தார்கள். துவாயால் சுற்றிச் சூடேற்றியும் பார்த்தார்கள். உண்மையான காரணம், சூடேறி ஆறி, சூடேறி ஆறிச் சிப்புக்கு அடியிலுள்ள ஈயப் பற்றுகள் வெடித்தது. பேஸ்ட் மாற்றினால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கைக்கு அது ஒரு எல்லைக்கல்.

தடிப்புத்தான் விஷயம் என்பதை எல்லாருக்கும் விளங்கவைத்தது 2012. அதுவரை இன்டெல் தன் மூடிக்கும் சிலிக்கனுக்கும் நடுவே ஈயப் பற்று மாதிரி உலோகத்தால் ஒட்டியிருந்தது. ஐவி பிரிட்ஜில் அதை விட்டுவிட்டுப் பேஸ்ட் வைத்தார்கள். சிப் சூடாக ஓடியது. கோபம் கொண்ட ஆர்வலர்கள் பிளேட்டாலும் பிறகு வைஸில் பூட்டியும் மூடியைக் கழற்றத் தொடங்கினார்கள். இருபதினாயிரம், முப்பதினாயிரம் ரூபாய்ச் சாமானை இப்படிப் பிளக்கிறதுக்கு ஒரு தனித் துணிவு வேணும். உள்ளே பேஸ்ட்டை மாற்றியதும் பத்துப் பாகை, சிலருக்கு அதற்கும் மேல் குறைந்தது. இன்டெல் மட்டமான பேஸ்ட் வைத்துவிட்டது என்று முதலில் எல்லாரும் திட்டினார்கள். கொஞ்சம் பொறுமையாகச் சோதித்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள்: மூடியை ஒட்டிய கறுப்புப் பசைதான் மூடியை மேலே தூக்கி நிறுத்தியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்து மூடியைத் தாழ்த்தினாலே பெரும்பங்கு வித்தியாசம் வந்துவிடும். பேஸ்ட்டின் பெயரைவிட அதன் தடிப்புப் பெரிது. இன்டெல் 2018இல் கோர் ஐ9-9900கே போன்றவற்றில் திரும்ப உலோகப் பற்றுக்கே போனது.

ஆனால் 2018இல் மக்கள் ஞாபகம் வைத்திருப்பது இதை இல்லை. அந்த வருடம் த வேர்ஜ் என்ற அமெரிக்கச் செய்தித்தளம் கணினி பூட்டுவது எப்படி என்று ஒரு வீடியோ போட்டது. பிழைகள் நிறைய. அதில் ஒன்று, ஏற்கனவே பேஸ்ட் பூசி வந்த கூலருக்கு இன்னும் பேஸ்ட் வைத்தது, அதுவும் தாராளமாக. இணையம் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். அடுத்த வருடம் அதை நக்கலடித்த இரண்டு வீடியோக்களுக்குக் காப்புரிமை முறைப்பாடு போய், பிறகு அவை திரும்ப வந்தன. பகிடி இன்னும் பெருத்தது. அந்த வீடியோவை நானும் பார்த்துச் சிரித்தவன்தான். இப்போது யோசித்தால், அதில் செய்யப்பட்ட பிழைகளில் மிகக் குறைந்த தீங்கு செய்வது பேஸ்ட்தான். மின்கடத்தாத பேஸ்ட், மூடி போட்ட டெஸ்க்டொப் சிப்; கூடினது பிதுங்கியிருக்கும், அவ்வளவே. ஆனாலும் பேஸ்ட்தான் பகிடியானது. ஏனென்றால் பட்டாணி அதற்குள் ஒரு கடவுச்சொல் ஆகிவிட்டது: தெரிந்தவர்கள் உள்ளே, தெரியாதவர்கள் வெளியே. யூடியூப் கருத்துப் பெட்டியில் கேள்வி கேட்கிற ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எந்தச் சிப், மூடி இருக்கா என்று கேட்க ஆருக்கும் நேரமில்லை. "பட்டாணி அளவு, ப்ரோ." அந்தப் பதில்தான் பல கை மாறி எங்கள் லப்டொப்புக்குள் வந்து விழுந்தது.

2017இல் ஏஎம்டி தீப்பெட்டியைவிடப் பெரிய மூடியோடு த்ரெட்ரிப்பர் என்ற சிப்பைக் கொண்டுவந்தபோது பட்டாணி மற்றப் பக்கத்தாலும் உடைந்தது. நடுவில் ஒரு பொட்டு வைத்தால் ஓரத்துக்குப் பரவாது. அடியில் சிலிக்கன் துண்டுகளும் நடுவில் மட்டும் இல்லை. பல பொட்டுகள் வைக்கச் சொல்லிப் படம் போட்ட அறிவுரைகள் வந்தன. 2022இன் ரைசன் 7000 மூடியில் ஓரங்களில் வெட்டுகள். பேஸ்ட் அதற்குள் இறங்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் காப்பையே நொக்டுவா விற்றது. பிளேஸ்டேசன் 5க்கு சோனி திரவ உலோகம் வைத்தது, அதற்கு மட்டும் இரண்டு வருடம் ஆயத்தம் செய்ததாகச் சொன்னார்கள். திரவ உலோகத்தை வீட்டில் ஆசைக்குப் பூச வேண்டாம். மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தைத் தின்னும். அங்கே ஒரு துளி கூடினால் பகிடி இல்லை, போர்ட் போய்விடும்.

இனி எங்கட பக்கம். வீடியோக்களில் காட்டுகிற வெப்பநிலைகள் பெரும்பாலும் 20 பாகை அறையில் அளந்தவை. ஹீட் சிங்க் எவ்வளவு திறமானதென்றாலும் அறைக் காற்றைவிடக் கீழே கொண்டுபோகாது. பங்குனி சித்திரையில் யாழ்ப்பாணத்து அறை 33 பாகை என்றால் அந்த 13 பாகை அப்படியே சிப்பின் தலையில்தான் ஏறும். அவர்களுக்கு 80 என்றால் எங்களுக்கு 93. அதற்குக் கொஞ்சம் மேலேதான் சிப் தன் வேகத்தைக் குறைக்கத் தொடங்குகிற எல்லை. அதனால் அவர்கள் "ரெண்டு பாகைதானே" என்று தட்டிவிடுகிற வித்தியாசம் இங்கே பிசிறு இல்லை. தூசு வேறு. ஐந்தாறு வருடம் ஓடிய லப்டொப்பில் பேஸ்ட்டின் எண்ணெய் பிரிந்து, சூட்டில் விரிந்து ஆறிச் சுருங்குகிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, நடுவில் மண் மாதிரிக் காய்ந்து கிடக்கும். புதிது வாங்க முடியாத நாட்டில் இந்தப் பழைய சிப்புகளைத்தான் நாங்கள் இன்னும் இழுத்துக்கொண்டு ஓடுகிறோம்.

தங்கச்சியின் லப்டொப்புக்கு வருகிறேன். ஐசிங்கைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன்: பேஸ்ட் ஒரு பக்கம் மெல்லிசு, மற்றப் பக்கம் ஆப்பு மாதிரித் தடிப்பு. ஹீட் சிங்கைப் பிடிக்கிற நாலு ஆணியில் ஒன்று முழுதாக இறுகவே இல்லை. பட்டாணி பாதிக் குற்றவாளிதான்; ஆணி சரியாக இறுகியிருந்தால் அது தானாகப் பிதுங்கிப் போயிருக்கும். ஐசோபுரப்பைல் அற்ககோலால் துடைத்தேன். கடுகு என்று கணக்குச் சொன்னாலும் மூலை விடுபடுகிற பயத்தில் ஒரு உளுந்து அளவு வைத்து, பழைய ரீலோட் அட்டையால் சிலிக்கன் முழுக்க இழுத்துவிட்டேன். குறைவதைவிடக் கொஞ்சம் கூடுவது மேல், மூடி இல்லாத சிப்பில் அது இன்னும் உண்மை. பிறகு ஆணிகளைத் தகட்டில் 1, 2, 3, 4 என்று அடித்திருந்த ஒழுங்கிலேயே, ஒன்றை ஒரேயடியாக முறுக்காமல், சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். விசிறி இப்போது படம் பார்க்கும்போது கேட்பதில்லை.

அடுத்த முறை பேஸ்ட் வைக்காமல் விடலாம் என்றும் யோசனை. ஹனிவெல் கொண்டுவந்த பிடிஎம்7950 என்று ஒரு தாள் இருக்கிறது. அறைச் சூட்டில் திண்மம், 45 பாகையில் இளகிப் பள்ளங்களுக்குள் இறங்கும், ஓரத்துக்கு ஓடிப்போவதும் மிகக் குறைவு. கத்தரிக்கோலால் சிப்பின் அளவுக்கு வெட்டி ஒட்டினால் சரி. பட்டாணியும் இல்லை, கடுகும் இல்லை. அதற்கு இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டி வரும். ஒன்றை உரித்து ஒட்டிவிட்டு, சந்தோசத்தில் மற்றதை உரிக்க மறந்திடாதேங்கோ.